சோலியாவும் பாண்டியாவும் வாழும் மலை

(தாம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கல்லூரி முடிந்து நேராக இங்கே வந்து பின்வரிசையை நிரப்பியிருக்கும் மாணவ நண்பர்களே, எல்லாருக்கும் மெஜுவா-ஜுவா!

என்ன சொல்கிறான் இவன் என்று பார்க்கிறீர்கள். வணக்கம்தான் சொன்னேன். சுமத்திரா தீவின் வடபகுதி மலையில் வாழும் காரோ மக்கள் ஒருவரையொருவர் கண்டால் சொல்லும் வணக்கம் அது. இன்று மாலை உங்களை அந்த மலைக்குத்தான் அழைத்துப் போகப் போகிறேன். அந்த மலையில் செபராயா என்று ஒரு சிற்றூர். உலக வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அந்த ஊரைப் பற்றித் தாம்பரத்தில் ஏன் பேச வேண்டும்? பேச வேண்டும். காரணம் இருக்கிறது.

இந்தத் தென்சென்னைப் புறநகரில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் கேட்கும் இரண்டாவது கேள்வி எது? "உங்களுக்குச் சொந்த ஊர்?" அதுதானே? சேலையூரில் பிறந்தவர், குரோம்பேட்டையில் படித்தவர், முடிச்சூரில் வீடு கட்டிக் குடியேறியவர், "எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம்" என்பார். வந்தவர் தாத்தா. இவர் அந்த ஊரில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் தங்கியிருக்க மாட்டார். பேச்சில் நெல்லை போய்விட்டது, நிலம் போய்விட்டது, ஊர்ப் பெயர் மட்டும் மூன்றாவது தலைமுறையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று தலைமுறைக்கு இப்படியென்றால், முப்பது தலைமுறை கழிந்தால் என்ன மிஞ்சும்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஊர்தான் செபராயா.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். வடக்குச் சுமத்திராவின் தலைநகர் மேடான். மலாக்கா நீரிணைக்கு அருகே, சமவெளியில், புழுங்கித் தள்ளும் நகரம். அங்கிருந்து தெற்கே மலையேறினால் ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் பெரஸ்தாகி. கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டருக்குக் குறையாது. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. ஆரஞ்சு, முட்டைக்கோஸ், கேரட், தக்காளி எல்லாம் விளையும் குளிர்ந்த பீடபூமி. ஒரு பக்கம் சிபாயாக் எரிமலை, இன்னொரு பக்கம் சினாபுங் எரிமலை. பெரஸ்தாகிக்குத் தெற்கே கபான்ஜாஹே என்ற மாவட்டத் தலைநகர். அதைத் தாண்டி, லாவ் பியாங் என்ற ஆற்றின் தலைப்பகுதியில் செபராயா. அந்த ஆறு மலையிலிருந்து இறங்கி, வாம்பு என்று பெயர் மாறி, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இந்த ஆற்றை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

காரோ வீடு என்றால் என்ன? பழைய முறையில் கட்டிய வீட்டை லிங்கா என்ற ஊரில் இன்னும் காணலாம். பருத்த மரத்தூண்கள் மேல் எழுப்பிய பெரிய மரவீடு. ஓர் ஆணி கிடையாது. பனைவகை மரத்தின் கருநாரால் வேய்ந்த செங்குத்தான கூரை. கூரை நுனியில் எருமைக் கொம்பு. ஒரே கூரையின்கீழ் எட்டுக் குடும்பங்கள். நடுவே ஒரு நடை, இருபுறமும் அடுப்புகள், ஓர் அடுப்பை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். சுவர் வைத்து அறை பிரிப்பதில்லை. எந்தக் குடும்பம் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதை உறவுமுறை தீர்மானிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் சண்டைக்குப் போகும் நமக்கு, இதைக் கேட்டால் தலை சுற்றும்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். காரோ மக்கள் ஐந்து பெருங்குலங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். குலத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் மெர்கா. காரோ-காரோ, கிந்திங், தாரிகான், பெராங்கின்-ஆங்கின், செம்பிரிங். ஐந்தாவதாகச் சொன்ன செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். சோலியா. பாண்டியா. மெலியாலா. பெலாவி. பிராமனா. தெகாங். முஹாம். டெபாரி. குருகினாயான். கெலிங்.

சோலியா! பாண்டியா! பெயர்ப்பலகையில் இருக்கிறது, திருமண அழைப்பிதழில் இருக்கிறது, அடையாள அட்டையில் இருக்கிறது. மேடானில் பல் மருத்துவர் ஒருவர் சோலியாவாக இருக்கலாம். பெரஸ்தாகிச் சந்தையில் கேரட் விற்கும் அம்மாள் பாண்டியாவாக இருக்கலாம். அவர்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த இடத்தில் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் நம் வழக்கம். "பார்த்தீர்களா, சோழன் வென்ற மண்! தமிழன் ஆண்ட மலை!" என்று ஒரு வரி எழுதிக் கைப்பேசியில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மலையில் நடந்தது படையெடுப்பைவிடச் சுவையான கதை. வென்றவர்களுடைய கதையாக அது எனக்குத் தெரியவில்லை. போய்ச் சேர்ந்து, பெண் எடுத்து, பெண் கொடுத்து, தங்கிவிட்டவர்களுடைய கதையாகத்தான் தெரிகிறது.

இந்தப் பெயர்களை முதலில் கவனித்தவர் தமிழர் அல்லர். 1903-லேயே ஹெண்ட்ரிக் கெர்ன் என்ற டச்சு அறிஞர், சுமத்திராவில் திராவிட இனப்பெயர்கள் வழங்குவதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். சோலியா சோழரோடும், பாண்டியா பாண்டியரோடும், மெலியாலா மலையாளத்தோடும் தொடர்புடையவை என்பது பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பெலாவி? பல்லவரா? பல்லாவரத்துக்காரர்கள் முகம் மலர்வது தெரிகிறது. மகேந்திரவர்மன் குடைந்த குகை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, மலர வேண்டியதுதான். ஆனால் பல்லவர் ஆட்சி ஒன்பதாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. சுமத்திராவில் நமக்கு உறுதியான தமிழ்ச் சான்று கிடைப்பதோ பதினோராம் நூற்றாண்டில். ஆகையால் அந்தப் பெயரில் நான் அடக்கி வாசிக்கிறேன்.

அந்த உறுதியான சான்று எது? ஒரு கல். 1873-இல் சுமத்திராவின் மேற்குக் கரையில், பாரூஸ் துறைமுகத்துக்கு அருகே, லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. உடைந்த நிலையில் இன்று ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னர் எ. சுப்பராயலு அவர்கள் மீண்டும் படித்து, விடுபட்டவற்றையும் சேர்த்து 1998-இல் வெளியிட்டார். அதன் காலம் சக ஆண்டு 1010, மாசி மாதம். நம் கணக்கில் 1088.

1088-இல் இங்கே யார் ஆட்சி? முதலாம் குலோத்துங்கன். மின்சார ரயிலில் போகும்போது விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் நிலையத்தில் இறங்கி, மலையடிவாரத்துக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். அது குலோத்துங்கன் காலத்துக் கோயில். ஊரின் பழைய பெயர் திருச்சுரம். அங்கே சிற்பி கல் செதுக்கிய அதே தலைமுறையில், கடலுக்கு அப்பால் இன்னொரு சிற்பி தமிழில் கல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்லில் என்ன இருக்கிறது? அரசன் பெயர் இல்லை. அரசனுடைய மெய்க்கீர்த்தி இல்லை. போர் இல்லை. கல்லை நட்டவர்கள் "திசையாயிரத்து ஐந்நூற்றுவர்" என்ற வணிகர் குழு. வாரோசு என்ற துறைமுகத்தில் அவர்களுக்கென்று ஒரு பட்டினம் இருந்தது. அதற்குத் தமிழில் ஒரு நீண்ட பெயரும் வைத்திருந்தார்கள். அங்கே கூடி முடிவெடுக்கிறார்கள். துறைக்கு வரும் மரக்கலங்களின் தலைவர்கள், கஸ்தூரி விலையை அளவுகோலாக வைத்துப் பொன்னாக ஒரு கட்டணத்தைச் செலுத்திய பிறகே விரித்த பாவாடையில் கால்வைத்து ஏற வேண்டும். அந்த வருவாய் தங்கள் ஆட்கள் சிலருக்குச் சேரும். அறத்தை மறக்காதீர்கள் என்ற நினைவூட்டலோடு கல்வெட்டு முடிகிறது. சுங்கமும் அறமும் ஒரே கல்லில்! வணிகர்கள் கெட்டிக்காரர்கள்.

ராஜேந்திர சோழனின் கடற்படை போனது 1025-இல். பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி பட்டியல் போடுகிறது. இவற்றில் இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை. பண்ணையும் அந்தத் தீவின் கரையில்தான். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவை துறைமுகங்களும் கடலோர நாடுகளும். படை அடித்தது, எடுத்தது, திரும்பியது. தங்கி ஆண்டதற்கு வலுவான சான்று இல்லை. தங்கியவர்கள் யார்? சுங்கம் வசூலித்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், எடை போட்டவர்கள், கப்பல் செப்பனிட்ட தச்சர்கள், கோயில் வைத்த பூசாரிகள். 1090-இல் குலோத்துங்கன், கடாரத்தரசன் கேட்டுக்கொண்டபடி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஏற்கெனவே கொடுத்த நிலத்தை உறுதிசெய்து செப்பேடு தருகிறான். லேடன் சிறிய செப்பேடு என்கிறோமே, அது. படையெடுத்து அறுபத்தைந்து ஆண்டுகளில் அடித்தவர் வீடும் அடிபட்டவர் வீடும் கொள்வினை கொடுப்பினைக்கு வந்துவிட்டன. வியாபாரம் அப்படிப்பட்டது.

சரி, அந்தக் கரையில் அப்படி என்ன இருந்தது? கற்பூரம்! இன்று நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் ஆலையில் செய்வது. அந்தக் காலத்துப் பாரூஸ் கற்பூரம் மரத்துக்குள் விளைவது. ஐம்பது அறுபது மீட்டர் உயர்ந்து நிற்கும் காட்டு மரம். அதை வெட்டி, பிளந்து, தண்டின் வெடிப்புகளில் படிந்திருக்கும் வெண்படிகத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லா மரத்திலும் இருக்காது. பல மரம் வெட்டினால் ஒரு மரத்தில் கொஞ்சம் கிடைக்கும். அதனால்தான் பொன்னுக்கு நிகரான விலை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் "வாறோசு" என்று ஒரு வகை. சுமத்திரா துறைமுகத்தின் பெயர் மதுரைக் கடைத்தெருவின் சரக்குப் பெயராகிவிட்டது! அதோடு சாம்பிராணி. அதுவும் அந்த மலைக்காட்டு மரத்தில் கீறல் போட்டு வடியவிட்டு எடுக்கும் பிசின்தான். நம் வீட்டு வெள்ளிக்கிழமை மணக்க வேண்டுமென்றால் அந்த மலைக்காரன் மரம் ஏற வேண்டும்.

இங்கேதான் மலைக்கும் கடலுக்கும் முடிச்சு விழுகிறது. கற்பூரமும் சாம்பிராணியும் துறைமுகத்தில் விளையவில்லை. உள்ளே, காட்டில், மலையில் விளைந்தன. மலையிலிருந்து இவை இறங்கின. கரையிலிருந்து உப்பும் துணியும் இரும்பும் ஏறின. மேற்கே பாரூஸ் போல, கிழக்கே இன்றைய மேடானுக்குப் பக்கத்தில் கோத்தா சீனா என்ற ஒரு துறை இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை அங்கே வணிகம் நடந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. தென்னிந்திய முறையில் செய்த புத்தர் சிலைகளும், திருமால், இலக்குமி சிலைகளும் அங்கே கிடைத்தன. இரண்டு கரைக்கும் நடுவே இருக்கும் கூரை போன்றது காரோ பீடபூமி. துறைகள் நலிந்தபோது, கரையில் ஆட்சிகள் மாறியபோது, அங்கிருந்த தமிழர் வழியினர் சிலர் தாங்கள் அறிந்த வணிகத் தடத்திலேயே மலையேறி, ஏற்கெனவே சரக்கு வாங்கிப் பழகிய ஊர்களில் போய்த் தங்கினார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

மலைக்காரர்கள் அவர்களை என்ன செய்தார்கள்? விரட்டினார்களா? தனிச்சேரி போட்டு ஒதுக்கினார்களா? இரண்டும் இல்லை. குலத்தில் சேர்த்துக்கொண்டார்கள்! காரோ சமூகத்தில் குலம் இல்லாதவனுக்கு இடமே இல்லை. யாரை என்ன முறை சொல்லி அழைப்பது, வீட்டில் எந்த மூலையில் உட்காருவது, சாவுக்கு யார் அரிசி கொண்டுவருவது, எல்லாம் குலத்தைப் பொறுத்தது. ஆகவே வந்தவர்களுக்கு ஒரு குலம் வேண்டும். செம்பிரிங் என்றால் அவர்கள் மொழியில் கறுத்தவர். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர், கேலியும் இருந்திருக்கும், அதில் ஒளிவுமறைவு இல்லை.

இதற்கு ஒரு நல்ல சான்று திருமணச் சட்டத்தில் இருக்கிறது. காரோ வழக்கப்படி ஒரே பெருங்குலத்துக்குள் மணம் கூடாது. கிந்திங் கிந்திங்கைக் கட்ட முடியாது. தாரிகான் தாரிகானைக் கட்ட முடியாது. ஆனால் செம்பிரிங் குலத்துக்குள் உட்பிரிவு வேறாக இருந்தால் கட்டலாம். பெராங்கின்-ஆங்கின் குலத்துக்கும் இந்த விலக்கு உண்டு. ஏன்? ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் அல்ல அவர்கள். பல இடங்களிலிருந்து வந்தவர்களை ஒரு பெயரின்கீழ்ச் சேர்த்த தொகுப்பு. சட்டம் அதை மறக்கவில்லை. பிராமனா பிரிவினர் தங்கள் மூதாதை மெகித் பிராமனா என்பவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றே இன்றும் குலக்கதை சொல்கிறார்கள். மேடான் நகரத்தையே 1590-இல் தோற்றுவித்தவராக அந்நகரம் கொண்டாடுவது யாரை? குரு பத்திம்புஸ் செம்பிரிங் பெலாவி. ஆண்டுதோறும் ஜூலை 1 மேடானின் பிறந்தநாள். வந்தேறி என்று ஒருகாலத்தில் பெயர் வாங்கிய குலத்திலிருந்து நகரத்தின் தந்தை!

கல்யாணம் என்றதும் தாய்மார்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். சொல்கிறேன். காரோவில் தாயின் சகோதரரை எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? மாமா. அவர் மனைவியை? மாமி. பையன் மாமன் மகளைக் கட்டுவதுதான் அவர்களிடம் மிகச் சிறந்த சம்பந்தம். மறுபடியும் கை தட்ட வேண்டாம். பக்கத்து மலையில் வாழும் தோபா மக்களும் மாமன் மகளைத்தான் விரும்புகிறார்கள். அவர்களுக்கு இந்தத் தமிழ்ப் பெயர்கள் கிடையாது. நம்மில் அத்தை மகளையும் கட்டலாம்; காரோவில் அத்தை மகள் விலக்கு. எனவே இதைத் தமிழ்ச் சான்று என்று நான் நீட்ட மாட்டேன். ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஒத்துப்போனதால் வந்தவர்களுக்கு அங்கே சம்பந்தம் பேசுவது எளிதாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

ஆனால் ஒன்றில் அவர்கள் நம்மை வென்றுவிட்டார்கள். பெண் கொடுத்த வீட்டாரை காரோ மக்கள் கண்ணுக்குத் தெரியும் தெய்வம் என்பார்கள். விழாவில் அவர்களுக்குத்தான் முதல் இடம். பெண் எடுத்த வீட்டார், அதாவது மாப்பிள்ளை வகையறா, என்ன செய்ய வேண்டும்? சமைக்க வேண்டும். பரிமாற வேண்டும். பாத்திரம் கழுவ வேண்டும்! மாப்பிள்ளை முறுக்கு அங்கே எடுபடாது. பெண்ணைப் பெற்றவர் கைகட்டி நிற்க, மாப்பிள்ளையின் சித்தப்பா "காபி ஆறிப்போச்சு" என்று கோபித்துக்கொண்டு எழுந்துபோகும் நம் மண்டபங்களை நினைத்துப் பார்க்கிறேன். இந்த வழக்கத்தைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்.

இப்போது அந்த ஆறு. லாவ் பியாங். செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, டெபாரி, மெலியாலா போன்ற பிரிவுகளைத் தனியாகச் "சிங்கோம்பாக்" என்பார்கள், மிதக்க விடுகிறவர்கள். எதை? இறந்தவரின் சாம்பலை. இவர்கள் தங்கள் இறந்தோரை எரித்தார்கள். எலும்பையும் சாம்பலையும் பாதுகாத்து வைத்தார்கள். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல ஊர்களிலிருந்தும் இந்தப் பிரிவினர் ஒன்றுகூடி, சின்னஞ்சிறு மரக்கலங்கள் செய்து, அவற்றில் சாம்பலை வைத்து ஆற்றில் விட்டார்கள். பெக்குவாலுஹ் என்று அந்தச் சடங்குக்குப் பெயர். அது நடந்த இடம் நம் செபராயா.

நினைத்துப் பாருங்கள். கடலையே பார்த்திராத ஒரு மலையூர். சுற்றிலும் எரிமலை. அங்கே வாழும் ஒரு குலம், தன் பெரியவர்களுக்குக் கப்பல் செய்கிறது! கப்பல் என்ற நினைவு எங்கிருந்து வந்தது? ஆறு மலையிறங்கிக் கடலைச் சேரும், சாம்பல் முன்னோர் நாட்டுக்குப் போய்ச் சேரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்தப் பிரிவினர் நாய் இறைச்சி உண்பதில்லை என்ற விலக்கையும் காத்துவந்தார்கள். மொழி போயிற்று, சாமி பெயர் போயிற்று, உடை போயிற்று, ஊர் எங்கே என்பதும் போயிற்று. ஆனால் எரிப்பது நிலைத்தது, ஆற்றில் விடுவது நிலைத்தது, படகு நிலைத்தது. பின்னர் ஒரு நாள் கடைசிப் பெக்குவாலுஹும் நடந்துமுடிந்தது. அந்தச் சடங்கு பற்றி நமக்கு இன்று இவ்வளவு தெரிவது, ஜே. ஹெச். நாய்மன் போன்ற டச்சுப் பாதிரிமார் எழுதிவைத்ததால்தான்.

செபராயாவை இந்தோனேசியாவில் இன்று பலரும் அறிவது வேறொரு காரணத்துக்காக. 1922-இல் அங்கே பிறந்து 1963-இல் மறைந்த ஜாகா டெபாரி என்ற வயலின் கலைஞர். காரோ மொழியின் தலைசிறந்த பாடலாசிரியர் அவர்தான். "பிசோ சூரித்" என்ற அவருடைய பாடலை அறியாத காரோ குழந்தை கிடையாது. விடுதலைப் போரில் எரிந்த ஊர்களுக்காக அவர் இசைத்த பாடல்களும் உண்டு. மேடான் நகர நாற்சந்தியில் அவருக்குச் சிலை இருக்கிறது. டெபாரி எந்தக் குலம்? செம்பிரிங். மிதக்க விடுகிறவர்களின் பிரிவு. அவரைத் தமிழர் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். அவர் முழுக்க முழுக்கக் காரோ. அதுதான் எனக்கு வியப்பு. வந்தவர்களின் வாரிசு, வந்து சேர்ந்த மண்ணின் குரலாகவே ஆகிவிட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருக்கும். முடியவில்லை. 1863-இல் நியன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் மேடான் சமவெளியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். தோட்டங்கள் பெருகின. ஆள் வேண்டும். சீனர்கள் வந்தார்கள், ஜாவாக்காரர்கள் வந்தார்கள், நம் மக்களும் கொண்டுபோகப்பட்டார்கள். மாட்டுவண்டி ஓட்டினார்கள், சாலை போட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். மேடானில் அவர்கள் குடியிருந்த பகுதியை இன்று கம்போங் மெட்ராஸ் என்கிறார்கள். 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. ஆக, எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு தமிழ் அலைகள். மேலே மலையில் சோலியா, பாண்டியா. கீழே தோட்டத்தில் முனுசாமி, மாரியாயி. இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்களா? கண்டதாகத் தெரியவில்லை. மலைக்காரர் தோட்டத்தை எதிர்த்துப் போராடியவர். 1872-இல் பெரிய போரே நடந்தது. கூலிக்காரரோ தோட்டத்தின் ஆள்.

1965-க்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அரசு ஏற்ற மதம் ஒன்றில் ஒவ்வொருவரும் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி. காரோவின் பழைய நெறிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பெரும்பாலோர் கிறித்தவரானார்கள். ஒரு சாரார், எங்கள் குலக்கதையில் இந்தியா இருக்கிறதே என்று, 1970-களில் இந்துக்களாகப் பதிவுசெய்துகொண்டார்கள். அப்போதுதான் மலையும் கம்போங் மெட்ராஸும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. சில்வியா விக்னாத்தோ என்ற மானிடவியலாளர் இதையே ஒரு நூலாக எழுதியிருக்கிறார். பிறகு 2005-இல் மேடானில் அன்னை வேளாங்கண்ணிக்கு ஒரு பெரிய ஆலயம் எழுந்தது; கோபுரம் போல அடுக்கடுக்காக. அதைக் கட்டி முடித்தவர் தமிழரான ஒரு சேசுசபைப் பாதிரியார்.

கிறித்தவம் என்றதும் நம் ஊருக்கே ஒரு நூலிழை வருகிறது. காரோ மக்களிடையே டச்சு மறைப்பணி 1890-இல் தொடங்கியது. தோட்ட முதலாளிகளே அதற்குப் பணம் கொடுத்தார்கள். நம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் உலக மறைப்பணி மாநாடு கூடியது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 470 பேர். சமய வரலாறு படிப்பவர்களுக்கு உலகெங்கும் "தாம்பரம்" என்றால் அந்த மாநாடுதான். சானடோரியமோ மேம்பாலமோ அல்ல. அந்த மாநாட்டுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதி விவாதத்தைக் கிளப்பியவர் ஹெண்ட்ரிக் கிரேமர். அவர் எங்கே பணியாற்றியவர்? டச்சு இந்தோனேசியாவில். பாத்தாக் என்ற பொதுப்பெயர் கொண்ட சுமத்திரா மலைமக்களின் திருச்சபைகளை நேரில் போய் ஆராய்ந்தவர். செபராயா மலைக்காற்று ஒருமுறை தாம்பரத்து மரங்களுக்கடியில் வீசிவிட்டுத்தான் போயிருக்கிறது.

கடைசியாக, அண்மைக்காலச் செய்தி. பல்லாவரத்து மலைக் கல் 250 கோடி ஆண்டுப் பழையது. அது இனி அசையப் போவதில்லை. அங்கே அப்படியில்லை. பல நூறு ஆண்டுகள் உறங்கிய சினாபுங் 2010 ஆகஸ்டில் வெடித்தது. 2013-இல் மறுபடியும் தொடங்கி ஆண்டுக்கணக்கில் கொதித்தது. 2014 பிப்ரவரியிலும் 2016 மே மாதத்திலும் உயிர்கள் போயின. வயல்மேல் சாம்பல், கூரைமேல் சாம்பல். அடிவாரத்து ஊர்கள் சில நிரந்தரமாகக் காலியாயின. மக்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். காலியான ஊர்களில் ஒன்றின் பெயர் குருகினாயான். நான் முதலில் அடுக்கிய செம்பிரிங் பிரிவுகளில் ஒன்று. அந்தப் பிரிவின் பூர்விக ஊர் அது. அவர்கள் பேரப்பிள்ளைகளும் இனி, போக முடியாத ஓர் ஊரின் பெயரைச் "சொந்த ஊர்" என்று சொல்வார்கள்.

பின்வரிசை மாணவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். நாய்மன் எழுதியவை டச்சு மொழியில் இருக்கின்றன. 1951-இல் வந்த அவருடைய காரோ-டச்சு அகராதி இருக்கிறது. காரோ இனத்திலேயே பிறந்த மானிடவியலாளர் மஸ்ரி சிங்காரிம்புன், தம் மக்களின் உறவுமுறை பற்றி 1975-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இருக்கிறது. இவையெல்லாம் தமிழில் வர வேண்டும். இந்தோனேசிய மொழி கடினமானதன்று. எழுத்து ஆங்கில எழுத்துதான். ஓராண்டு உழைத்தால் படிக்கலாம். அந்த மலைக்குப் போகிறவர், "நீங்களும் தமிழர்தான்" என்று சொல்லப் போகாமல், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளப் போக வேண்டும். உங்களில் இரண்டு பேர் முன்வந்தால்கூடப் போதும். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில்தான் நிற்பேன், வந்து பேசுங்கள்.